ஈர்க்குச்சியில் இறங்கிய காற்று

"மனுசனாலே நீ? சொந்த மச்சான் காருக்கே செத்த டயரை மாட்டிவிட்டிருக்கியே, ஊரானுக்கு என்னத்தலே மாட்டுவ?"

திருத்தங்கல் ரோட்டில் மணிமுத்துவின் டயர் கடை வாசலில் நின்று மொக்கைச்சாமி கத்திக்கொண்டிருந்தார். வலது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளி. கத்துகிற மனிதருக்குக் கை வீசாமல் முடியாது. வீசவேண்டிய கை தூளியில் கிடந்ததால் இடது கையை வீசினார். அது பழக்கமில்லாத கை. அடிக்க ஓங்குவதுபோலவும் தெரிந்தது, பஸ்ஸை நிறுத்துவதுபோலவும் தெரிந்தது.

"மாமா, உள்ள வந்து உக்காருங்க. ரோட்டுல நின்னு சத்தம் போடாதீக" என்றான் மணிமுத்து.

"யாருக்குலே மாமா? பொண்ணுக்குப் பூ வச்சதோட சரி. இன்னும் நிச்சயம் ஆகலை, ஞாபகம் வச்சுக்கோ."

எதிர்த்த டீக்கடையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிக்க யாருக்கும் நேரமில்லை. காலண்டர் கட்டு ஏற்றிவந்த வேன் ஒன்று காரணமில்லாமல் ஓரங்கட்டி நின்றது.

"டயருலகூடவா ஊசிப்போனது உண்டு?" என்றார் டீக்கடை பெஞ்சில் ஒருத்தர்.

"பின்னே? ரப்பரும் இட்லி மாவு மாதிரிதாம்வே. நாளாச்சுன்னா போச்சு" என்றார் இன்னொருத்தர். அவருக்குச் சைக்கிள்கூடக் கிடையாது.

மணிமுத்து கடைக்குள் போய், காரிலிருந்து கழற்றி வைத்திருந்த டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து மொக்கைச்சாமி முன்னால் நிறுத்தினான். "இங்கன பாருங்க, நாலு நம்பர் இருக்கா? மூணாவது வாரம், ரெண்டாயிரத்தேழு. செஞ்சு நாலு மாசந்தான் ஆகுது. நாலும் ஒரே லாட்டுல நானே மதுரைக்குப் போயி பொறுக்கி எடுத்தது."

"வெடிச்ச டயருல காட்டு."

வெடித்த டயரில் காட்ட முடியாது. நம்பர் இருந்த பக்கம் நார் நாராகக் கிழிந்து ஆமத்தூர் பக்கத்துக் கருவேலங்காட்டில் கிடந்தது.

"அதானே! மூணு புதுசு, நடுவுல ஒண்ணு பழசு. எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

இந்த வாதத்தில் இருந்த அழகு டீக்கடைக்குப் பிடித்துப்போயிற்று. தலைகள் ஆடின. மணிமுத்து பேச்சை நிறுத்திவிட்டு, மொக்கைச்சாமிக்குப் பின்னால் மின்கம்பத்தை ஒட்டி நின்றிருந்தவனைப் பார்த்தான். அது மொக்கைச்சாமியின் மகன் சுந்தரபாண்டி. வெடித்த டயர் அவனுடைய காருடையது. ஓட்டியவனும் அவனே.

"மாப்ள, நீ சொல்லு" என்றான் மணிமுத்து.

சுந்தரபாண்டி கம்பத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை எழுத்துக்கூட்டி வாசிப்பவன்போல நின்றான். பிறகு, "அப்பா, வெயிலா இருக்கு. வீட்டுக்குப் போவோம்" என்றான்.

டீக்கடை இதையும் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. "பாவம், தங்கச்சியைக் கட்டப்போறவனைக் காட்டிக் குடுக்க மனசில்லை. எம்புட்டு நல்ல பய!"

அந்த நல்ல பய செய்திருந்த காரியம் அந்த ரோட்டில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் செய்தவன். இன்னொருவன் டயர்க்காரன்.

சுந்தரபாண்டிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் போர்மேன் வேலை. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய போர்மேன். ஆனைக்குட்டத்தில் அப்பாவுக்குப் பத்து ஏக்கர் கரிசல் இருந்தும் அதில் இறங்கமாட்டேன் என்று வெடிமருந்தில் இறங்கியவன். இருபத்தேழு வயதில் அவனுக்கு வந்த ஒரே ஆசை அந்தச் சிவப்பு பாலியோ கார். முதலாளியின் தம்பி மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது விட்டுப்போன வண்டி. பார்க்கச் சின்னது. மிதித்தால் அடுத்த ஊருக்குப் போய்த்தான் மூச்சுவிடும். முதலாளி வீட்டுப் பிள்ளை அதன் டயரை மொட்டைத் தலைபோல வழுவழுப்பாக்கிவிட்டுப் போயிருந்தது.

எனவே புது டயர் போடவேண்டும். சாதாரண மனிதன் என்றால் கடைக்குப் போய் நாலு டயர் போடச் சொல்லிவிட்டு டீ குடிப்பான். சுந்தரபாண்டி தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததைவிட அதிக நாள் டயர் பார்த்தான். மாப்பிள்ளை பார்க்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த மணிமுத்து, டயர் கடை வைத்திருக்கிறான், சோலி முடிந்தது. பங்குனியில் பூ வைத்தார்கள், வைகாசியில் நிச்சயம் என்று பேச்சு. டயர் அப்படி இல்லை. சிவகாசி பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படம் படமாக அச்செடுத்தான். கார் பத்திரிகைகளைக் கத்தரித்தான். வேலை முடிந்து வந்தால் மணிமுத்து கடை ஸ்டூலே கதி.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு அகலம், அம்பது சீரிஸ். இதைப் போடுவோம் மச்சான்" என்று ஒரு படத்தை நீட்டினான்.

மணிமுத்து படத்தைப் பார்த்தான், பிறகு வெளியே ரோட்டைப் பார்த்தான். "அம்பது சீரிஸ்னா பக்கச்சுவரு அப்பளம் மாதிரி இருக்கும் மாப்ள. வெம்பக்கோட்டை ரோட்டுல ஒரு பள்ளம் போதும், ரிம்மு சப்பளிஞ்சிரும். நூத்தி எண்பத்தஞ்சு, அறுபது போடு. அகலமும் கிடைக்கும், பக்கத்துல சதையும் இருக்கும்."

"பிடிமானம்?"

"ரப்பர் மெத்துன்னு இருக்கிற ரகமா எடுப்போம். நடுவுல அம்பு மாதிரிக் கோடு வெட்டியிருக்கும், மழையில தண்ணியை ஒதுக்கிரும். ஆனா மெத்து ரப்பர் சீக்கிரம் தேயும். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான், அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"வேகம் எம்புட்டுத் தாங்கும்?"

"மணிக்கு இருநூத்திப் பத்து."

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது மொக்கைச்சாமி சோற்றில் கை வைத்தபடி கேட்டார்: "இருநூத்திப் பத்துல கிளம்புனா எங்கன போயிலே நிப்ப? தூத்துக்குடிக் கடலுக்குள்ளயா?"

தங்கை அழகுமீனா சிரித்தாள். அவளுக்கு அந்தப் பங்குனியிலிருந்து எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. நிச்சயம் ஆகும்வரை மாப்பிள்ளையோடு போனில் பேசக்கூடாது என்பது அம்மா இருளம்மாள் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தில் மிஸ்டு கால் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு மிஸ்டு கால் என்றால் கடை திறந்தாச்சு. இரண்டு என்றால் சாப்பிட்டாச்சு. மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கு இன்றுவரை தெரியாது.

டயர் வந்தது. மணிமுத்து தன் கையாலேயே மாட்டி, சக்கரத்தை நேர்பார்த்து, காற்றடித்து, அளவுமானியைச் சுந்தரபாண்டி கண் முன்னால் நீட்டினான். "முப்பத்திரெண்டு. வாரம் ஒருதரம் வந்து பார்த்துக்கோ. நீயா கை வைக்காதே."

கை வைக்காதே என்று ஒரு போர்மேனிடம் சொல்லலாமா?

சித்திரை வெயில் அந்த வருஷம் கரிசலைப் பிளந்துகொண்டிருந்தது. விருதுநகரில் இருக்கும் அத்தையை நிச்சயத்துக்கு முறையாக அழைக்க அப்பா, அம்மா, அவன் என்று மூன்று பேரும் கிளம்பிய நாளன்று காலை, சுந்தரபாண்டி காரைச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்த்தான். ஒன்பது மணிக்கே சுட்டது. அவன் வாழ்வதே வெடிக்கும் பொருள்களுக்கு நடுவில். அங்கே ஒரே பாடம்: சணலை இறுக்கிச் சுற்றினால் வெடி காதைக் கிழிக்கும், தளர்த்திச் சுற்றினால் புஸ்ஸென்று போகும். சூடும் இறுக்கமும் சேர்ந்தால்தான் ஆபத்து. டயர் மட்டும் என்ன வேறு சாதியா? இப்படி நாலு டயர், இவ்வளவு இறுக்கமாக, இந்த வெயிலில்! டயர்க்காரனுக்கு வெடியைப் பற்றி என்ன தெரியும்?

வெளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினான். குத்தவைத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் காற்று வாய்க்குள் அதை நுழைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தினான். நாலு சக்கரமும் புஸ்ஸென்றன. டயர்கள் கொஞ்சம் உட்கார்ந்து, விருந்து சாப்பிட்டவர்கள்போல வயிறு தள்ளின. அவனுக்குத் திருப்தியாக இருந்தது. ஈர்க்குச்சியை வேலியோரம் போட்டுவிட்டு ஹாரன் அடித்து அப்பா அம்மாவைக் கூப்பிட்டான்.

ஆமத்தூர் தாண்டி ரோடு நேராகக் கிடந்தது. புது டயர். மிதித்தான். நூற்றுப் பத்து என்று முள் காட்டியபோது, "ஏலே, அத்தை எங்கயும் ஓடிரமாட்டா" என்றார் மொக்கைச்சாமி. அவர் வாய் மூடுவதற்குள் முன்பக்க இடது டயர் வெடித்தது. சுந்தரபாண்டிக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. தன் யூனிட்டிலேயே அவ்வளவு நல்ல சத்தம் அந்த சீசனில் வரவில்லை. கார் இழுத்துக்கொண்டு போய்க் கருவேலம்புதரில் முகத்தைப் புதைத்தது.

பின்னால் இருந்த இருளம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்குச்சட்டியில் இருந்த அதிரசம்தான் கார் முழுக்க உருண்டது. முன்னால் கையை ஊன்றிய மொக்கைச்சாமிக்கு மணிக்கட்டு முறிந்தது.

"என்னலே ஆச்சு?" என்று முனகினார்.

அந்த நேரம் சுந்தரபாண்டிக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "டயருப்பா. டயரு சரியில்லை போல" என்றான். அந்த வாக்கியத்தை அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஒரு கை முறிந்திருந்தும்.

தகவல் தெரிந்து மணிமுத்து எக்செல் வண்டியில் பறந்து வந்தான். மாமாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, புதருக்குள் இறங்கினான். கிழிந்த டயரைப் பிரித்துப் பார்த்தான். உட்பக்கம் சுற்றிலும் ரப்பர் வெந்து பொடியாக உதிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து அளவுமானியை எடுத்து மற்ற மூன்று டயரிலும் வைத்துப் பார்த்தான். பதினெட்டு. பதினெட்டு. பதினேழு. சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். அவர்களுக்கு அது டாக்டர் நாடி பார்ப்பதுபோல இருந்தது. மணிமுத்து நிமிர்ந்து சுந்தரபாண்டியை மட்டும் பார்த்தான்.

"காத்து குறைஞ்சா டயரு மடங்கி மடங்கி நிமிரும் மாப்ள. அந்தச் சூட்டுலதான் வெடிக்கும்" என்றான், மற்றவர் காதில் விழாத குரலில். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூன்றிலும் காலால் மிதிக்கிற பம்பை வைத்து முப்பத்திரண்டு ஏற்றினான். ஏற்றி முடித்ததும் சாட்சியும் அழிந்தது. அழித்தவன், அழித்ததால் கெடப்போகிறவன்.

மூன்றாம் நாள்தான் மொக்கைச்சாமி கடை வாசலில் போய் நின்று கத்தியது. நாலாம் நாள் மணிமுத்துவின் மிஸ்டு கால் நின்றது.

அதற்குப் பிறகான நாட்களில் சுந்தரபாண்டி வீட்டில் சாப்பிட்ட சோறு தொண்டையில் இறங்கவில்லை. இறங்காமல் இருக்க எதிரிலேயே ஏற்பாடு இருந்தது. மொக்கைச்சாமிக்கு இடது கையால் சாப்பிட வராது. இருளம்மாள் சோற்றை உருட்டி உருட்டி அவர் வாயில் வைத்தாள். ஒவ்வோர் உருண்டைக்கும் நடுவில் மணிமுத்துவுக்கு ஒரு வசவு. "பழைய டயரைத் தலையில கட்டினவன், நாளைக்கு என் பொண்ணை என்ன செய்வான்?" மென்று விழுங்கிவிட்டு அடுத்த வாய். "அந்தச் சம்பந்தமே வேண்டாம்." இன்னொரு வாய்.

அழகுமீனா எதிர்த்துப் பேசவில்லை. அண்ணனிடம் மட்டும் ஒருநாள் கேட்டாள்: "நீ சொல்லுண்ணே. அவுக அப்படிச் செய்யிற ஆளா?"

"எனக்கென்ன தெரியும்? டயரு உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு யாரு கண்டா?" என்றான். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

ஊரில் பேச்சு டயரைவிட வேகமாக உருண்டது. மணிமுத்து கடையில் பழைய டயருக்குப் பாலிஷ் போட்டுப் புதுசு என்று விற்கிறான் என்றார்கள். போன வருஷம் லாரி கவிழ்ந்ததற்கும் அவன்தான் காரணம் என்றார்கள். அந்த லாரி அவன் கடை இருந்த திசைக்கே வந்ததில்லை. அவன் கடை ஸ்டூல் காலியானது. வழக்கமாக நிற்கும் வேன்கள் நாலு கடை தள்ளிப் போய் நின்றன. சுந்தரபாண்டி தினமும் அந்த வழியாக யூனிட்டுக்குப் போனான். கடை வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். எதிர்ப்பக்கம் டீக்கடை. அங்கிருந்து, "என்ன போர்மேன், அப்பாவுக்குக் கை தேவலையா? மச்சானை விட்டுக்குடுக்காம இருக்கீரே, பெரிய மனசுவே" என்று குரல் வரும். அது மணிமுத்து கடையைப் பார்ப்பதைவிட மோசம்.

யூனிட்டில் அவன் தினமும் காலையில் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. வேன் வந்து இறங்கி, செருப்பை வெளியே விட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கும்போது சொல்வான். "மருந்து கொட்டினா கொட்டுனேன்னு உடனே சொல்லுங்க. ஏசமாட்டேன். மறைச்சாத்தான் ஏசுவேன். அதுக்கும் நான் உசுரோட இருக்கணும்." எல்லாரும் சிரிப்பார்கள். மூன்று வருஷமாக அதே சிரிப்பு. டயர் வெடித்தபிறகு அந்த வாசகத்தைச் சொல்லும்போது அவனுக்கு நாக்கு புரளவில்லை. ஒருநாள் "கவனமா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். "அண்ணாச்சிக்குக் காய்ச்சல் போல" என்றார்கள்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம், மருந்து அடைக்கிற அறையிலிருந்து பத்திரகாளி வெளியே வந்தாள். இருபது வருஷமாக அந்த வேலை பார்க்கிறவள், வாய்க்குப் பயப்படாதவள். நேராக அவன் முன்னால் வந்து, "அண்ணாச்சி, கொட்டிட்டேன். நான்தான். கை வழுக்கிருச்சு" என்றாள்.

எல்லாரையும் வெளியேற்றி, தண்ணீர் ஊற்றி, அலசி, கூட்டி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்கள். சுந்தரபாண்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏசுறதுன்னா ஏசுங்க. எதுக்கு முழிச்சிக்கிட்டு நிக்கீக?" என்றாள் பத்திரகாளி.

"சொல்றதுக்குப் பயமா இல்லையாக்கா?"

"பயமாத்தான் இருந்துச்சு. அதுக்காகக் கொட்டுனதை மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்கா போகமுடியும்? அடுப்பு இல்லையா வீட்டுல?"

அவள் தன் வேலையைத்தான் சொன்னாள். சுந்தரபாண்டி அன்று சாயந்திரம்வரை வேட்டி மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் தாழ வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஊட்டல் நடந்துகொண்டிருந்தது. நின்றபடியே சொன்னான். ஈர்க்குச்சி, பத்து எண்ணியது, பதினெட்டு, மணிமுத்து பார்த்த பார்வை எல்லாவற்றையும் சொன்னான். இருளம்மாள் கையில் உருட்டிய உருண்டை அப்படியே நின்றது.

மொக்கைச்சாமி முதலில் வலது கையை ஓங்கினார். தூளி இழுத்தது, வலித்தது, இறக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "நடந்தது நடந்துபோச்சு. வெளிய சொல்லாதே" என்றார்.

"அப்பா..."

"திருத்தங்கல் ரோட்டுல அம்புட்டுப் பேரு முன்னால நின்னு ஏசியிருக்கேம்லே. இப்பப் போயி, ஐயா, கழுதை என் மகன்தான்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்க சொல்லவேண்டாம். கழுதை தானா கத்திக்கிடும்" என்றாள் இருளம்மாள், உருண்டையைத் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிட்டு.

அடுக்களை வாசலில் அழகுமீனா நின்றிருந்தாள். முழுசும் கேட்டிருக்கவேண்டும். "வண்டியை எடு" என்றாள்.

வேறு டயர் மாட்டிச் சரிசெய்திருந்த பாலியோவில் போய்ச் சேர்ந்தபோது மணிமுத்துவின் கடை வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. டயர் கழற்றும் இயந்திரத்தைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓசூரில் தெரிந்தவர் ஒருத்தர் கடையில் பங்கு கொடுக்கிறார், மணிமுத்து மூட்டை கட்டுகிறான் என்பது தெருவுக்கு ஒரு வாரமாகத் தெரியும். அது தெரியாத ஒரே ஆள் சுந்தரபாண்டி. அவன்தான் எதிர்ப்பக்கம் பார்த்துப் போகிறவனாயிற்றே.

"மச்சான், நான்தான் காத்தை இறக்கினேன்" என்றான் கீழே இறங்கிய வேகத்தில்.

மணிமுத்து முடிச்சை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் திரும்பினான். "என்கிட்ட எதுக்குச் சொல்றே? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அங்கன போயிச் சொல்லு." டீக்கடையைக் காட்டினான்.

சுந்தரபாண்டி ரோட்டைத் தாண்டினான். பெஞ்சில் அதே ஆட்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, டயரில் தப்பில்லை, தான்தான் ஈர்க்குச்சியால் காற்றை இறக்கியது, மணிமுத்து கொடுத்தது அத்தனையும் புது டயர் என்று சொன்னான். சைக்கிள் இல்லாதவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"பார்த்தீகளா? மச்சான் கடையைக் காலி பண்றான்னதும் பழியைத் தன் தலையில போட்டுக்கிடுதான். இந்தக் காலத்துல இப்படி ஒரு பயலா!"

"இல்லைய்யா, நெசமாத்தான் சொல்றேன்..."

"தெரியும்வே, தெரியும். லைசென்ஸ் வச்சிருக்கிற போர்மேன், காத்தை இறக்கிட்டு வண்டி ஓட்டுவாராக்கும்! நாங்க என்ன கேனப்பயகளா? டீ குடிச்சிட்டுப் போங்க."

வலுக்கட்டாயமாக ஒரு டீயைக் கையில் கொடுத்தார்கள். அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது மணிமுத்து சிரித்தான். இருபத்திரண்டு நாளில் முதல் சிரிப்பு, பார்க்கச் சகிக்கவில்லை.

"அன்னைக்கு என் பக்கத்துல நின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாக. இப்ப நீ நல்லவன் ஆயிட்டே மாப்ள. இனிமே உன்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அழகுமீனா அதுவரை காரிலேயே இருந்தாள். இப்போது இறங்கினாள். பூ வைத்தபிறகு மணிமுத்துவிடம் அவள் நேருக்கு நேர் பேசியது அன்றைக்குத்தான். "உங்களுக்குத் தெரியும்னா நீங்க ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க அண்ணனைச் சந்தியில நிறுத்துனவன் ஆவேன். அந்த வீட்டுக்குள்ள அப்புறம் மாப்பிள்ளைன்னு எப்படி நுழைய? அவனாச் சொல்லுவான்னு பார்த்தேன்."

"அவன் நீங்க சொல்லிருவீகன்னு பயந்துக்கிட்டுப் பார்த்தான். நீங்க அவன் சொல்லட்டும்னு பார்த்தீக. ரெண்டு பேரும் ஒருத்தன் வாயை ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருந்தீக. என்னைய யாரு பார்த்தா? ஒரு மிஸ்டு காலுக்குக்கூடவா காத்து இல்லாமப் போச்சு?"

மணிமுத்து கயிற்றின் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"ஓசூர்ல நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சுந்தரபாண்டிக்கு டீ டம்ளரை என்ன செய்வது என்று தெரியவில்லை. மின்கம்பத்தடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். ஆனைக்குட்டம் வரும்வரை அவன் முப்பதுக்குமேல் மிதிக்கவில்லை.

மணிமுத்து ஓசூரில் கடை வைத்து நன்றாக இருக்கிறான் என்றுதான் கேள்வி. இரண்டு வருஷம் கழித்து அங்கேயே ஒரு கம்பெனி நர்ஸைக் கட்டிக்கொண்டான். பத்திரிகை ஆனைக்குட்டத்துக்கு வந்தது. மொக்கைச்சாமி பெயருக்கு, மாமா என்று போட்டு. மொக்கைச்சாமிக்குக் கை கூடியும் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. அந்தக் கையால் பத்திரிகையை வாங்கிப் பீரோவுக்கு மேல் வைத்தார், யாரும் போகவில்லை.

அழகுமீனாவுக்கு, கடை காலியானதற்கு அடுத்த தையில் கோவில்பட்டியில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிள்தான் ஓட்டுகிறார். சுந்தரபாண்டிக்கு உள்ளூரில் பெண் கொடுக்க நாலு வீடு போட்டிபோட்டது. மச்சானுக்காகப் பழி சுமந்த நல்ல பையன் என்று பெயராயிற்றே. அந்தப் பேச்சு எட்டாத தூரத்தில்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்துக் கடையநல்லூர் தாண்டிப் பெண் எடுத்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே பாலியோவைத் தள்ளிவிட்டான்.

பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் மஞ்சள்குலையும் சீர்ச்சாமான்களும் பைக்கில் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறான். அழகுமீனா வாசலுக்கு வருவாள். வாங்கண்ணே என்று சொல்வதற்கு முன்னால் பைக்கின் முன் டயரைக் கால் பெருவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்ப்பாள். அப்புறம்தான் கரும்பைக் கையில் வாங்குவாள்.